பிளஸ் குறிக்குக் கால் நீண்ட கதை

எஸ்தரு, ஏட்டி எஸ்தரு, உன் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். வேறு எப்படி ஆரம்பிக்க என்று எனக்குத் தெரியவில்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால், "அம்புட்டுப் பேரு முன்னாடி என் பேரை ஏலம் போடாதட்டி" என்று இடுப்பில் கிள்ளியிருப்பாய். கிள்ள ஆள் இல்லை. அதனால் போடுகிறேன்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, இனி உங்களிடம் பேசுகிறேன். இது ரிட்டயர் ஆனவர்கள் பேச வேண்டிய பேச்சு. எனக்கு வயது இருபத்தாறுதான். ஆனால் நம் கடிகார யூனிட்டில் போர்மேன் அண்ணாச்சியை விட்டால் நான்தான் பழசு. மற்ற எல்லாரும் மில்லுக்கோ மாமியார் வீட்டுக்கோ போய்விட்டார்கள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. பேச்சில் தப்பு இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். விஷயத்தில் தப்பு இருந்தால் சண்டைக்கு வாருங்கள்.

நேற்று டீ நேரத்தில் உங்களில் ஒருத்தி பேக்கிங் மேசைப் பக்கம் வந்து, "சிலுவைக்காரி இருந்த எடம் இதானாக்கா?" என்று கேட்டாள். கேட்டவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கல்யாணக் கடிகாரத்தில் சிலுவையை ஒட்டி, பிடிபட்டு, மன்னிப்புக் கேட்டு வந்த பிள்ளை என்று அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கதையில் கடிகாரம் மட்டும்தான் உண்மை. மீதியை நான் சொல்கிறேன்.

அப்போது நானும் எஸ்தரும் சர்வீஸ் மேசையில் இருந்தோம். ராஜபாளையத்துக் கடைகளில் விற்ற கடிகாரம் ஓடவில்லை என்றால் நேராக எங்களிடம்தான் வரும். ஒரு கடிகாரத்துக்கு ஒரே ஒரு பென்சில் கட்டை. பேட்டரி என்று நாம்தான் சொல்கிறோம், ஜனங்களுக்கு அது கட்டைதான். அந்த ஒரு கட்டையைப் போடுவதற்கு இந்த ஊர் என்ன பாடு படுத்தியது என்று கேளுங்கள்.

தீர்ந்துபோன கட்டையை மொட்டைமாடியில் வத்தலோடு காயப் போட்டு எடுத்து வந்து, "வெயில் குடிச்சும் ஓட மாட்டேங்குது" என்பார்கள். பல்லால் கடித்து உயிர் கொடுக்கப் பார்த்துவிட்டு, பல் பதிந்த கட்டையோடு வந்து கம்பெனியைக் குறை சொல்வார்கள். ரெண்டு கட்டை போடுகிற டிரான்சிஸ்டரை ஒரு அம்மா இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அதில் ஒரு கட்டைக்குத் தலை இங்கிட்டு, இன்னொன்றுக்கு அங்கிட்டு இருக்க வேண்டும். அம்மா ரெண்டையும் ஒரே பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டால், "ஒரே பாயில தலைமாறிப் படுத்தா குடும்பம் வெளங்குமாட்டி?" என்று எங்களுக்கே புத்தி சொன்னார்கள். டிரான்சிஸ்டர் ஊமையானது. ஆனால் கட்டைகளின் குடும்பம் விளங்கியது.

இந்த மாதிரி ஆட்களிடம் விளக்கம் சொல்லாதீர்கள். எஸ்தர் எப்படிச் சமாளித்தாள் என்று பாருங்கள்.

செட்டியார்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் மூன்றாவது தடவையாகக் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேசையில் வைத்து ஓட விட்டால் ஓடும், வீட்டுக்குப் போனால் நின்றுவிடும். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். கட்டை தலைமாறிக் கிடந்தது.

"அய்யா, கட்டையோட மூக்கு இந்தப் பக்கம்லா இருக்கணும்? நீங்களா மாத்திப் போட்டிய?"

"நான்தான் மாத்துனேன். கெழக்குச் சுவத்துல மாட்டியிருக்கேன். நீ போட்டபடி இருந்தா அதுக்குத் தலை வடக்க வருது. வடக்க தலை வச்சுப் படுக்கலாமா?"

"அது கட்டைய்யா. உயிரா இருக்கு?"

"உயிரில்லாததுதான் முள்ளை ஓட்டுதாக்கும்?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எஸ்தர் சிரிக்கவில்லை. அவள் அவரிடமிருந்து கடிகாரத்தை வாங்கினாள். நடுவில் இருக்கும் நட்டைத் தளர்த்தி, மெஷினைக் கால் வட்டம் திருப்பி, மறுபடி முறுக்கினாள். படுத்துக் கிடந்த கட்டை இப்போது தலை மேலே பார்க்க நிமிர்ந்து நின்றது.

"அய்யா, இப்ப அது படுக்கல. நிக்குது. நிக்கவனுக்குத் திசை தோசம் உண்டுமா?"

அவர் செத்த நேரம் யோசித்தார். "நிக்கவனுக்குக் கெடையாது" என்று ஒப்புக்கொண்டு, கடிகாரத்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு போனார். பிறகு வரவே இல்லை.

இதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளிக்குப் புத்தி பளிச்சென்று எரிந்தது. இனி நம் யூனிட் கடிகாரம் எல்லாவற்றிலும் கட்டை நின்றுதான் ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதோடு, குழிக்குள்ளே கறுப்பு மேல் கறுப்பாக இருக்கிற பிளஸ் மைனஸ் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை, பக்கத்திலேயே பெரிசாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம், மேலே பிளஸ், கீழே மைனஸ் என்றார். நல்ல யோசனைதான். யூனிட்டிலேயே நன்றாகப் படம் போடுகிறவள் எஸ்தர். அவளிடம் அட்டையைக் கொடுத்தார்கள்.

அவள் மேலே அளவான ஒரு பிளஸ்ஸும் கீழே ஒரு மைனஸும் போட்டாள். போர்மேன் அண்ணாச்சி வந்து பார்த்தார். எதையும் அப்படியே விட்டால் அவர் போர்மேன் என்று எப்படித் தெரியும்?

"நடுவுல எடம் சும்மா கெடக்கேம்மா. பார்க்க மொட்டையா இருக்கு. அந்தப் பிளஸ்ஸோட கீழ்க்காலை நீட்டு."

"நீட்டுனா நல்லாயிருக்காது அண்ணாச்சி."

"நீட்டுன்னா நீட்டு. எடம் நெறஞ்சாத்தான் ஸ்டிக்கரு."

நீட்டினாள். நான் பக்கத்தில் பசை கிண்டிக்கொண்டு நின்றேன். அச்சடிக்கப் போன இடத்தில் சிவப்பு மை மீதம் இருந்ததாம், அதனால் சிவப்பிலேயே அடித்து வந்துவிட்டது. ஒட்டி அனுப்பினோம்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் கடிகாரத்தை நிறைய எடுத்து விற்கிற கடைக்காரர், நெற்றி நிறைய நாமத்தோடு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து முதலாளி மேசையில் தொம்மென்று வைத்தார்.

"என்னவே இது? கோயில் கைங்கரியக்காரவுக வீட்டுக் கல்யாணம். மொய்யில வந்த கடியாரத்தை மாமன்காரன் கட்டை போடத் திருப்புதான். பின்னாடி சிலுவை தொங்குது! சபையில அம்புட்டுப் பேரும் என்னைய பார்க்கான். பின்வாசல் வழியா மதம் மாத்துதியளான்னு கேக்கான்."

"சிலுவையா? பிளஸ்ஸுங்க அது."

"பிளஸ்ஸுக்கு ஏன்வே இம்புட்டுக் காலு?"

முதலாளி ஸ்டிக்கரைப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் கண்ணுக்கு அது பிளஸ்தான். இப்போது சிலுவையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. "அய்யோ தேவுடா" என்று தெலுங்கில் உட்கார்ந்தார். கெட்ட நேரத்துக்கு, ஒரு கிறிஸ்தவ வீட்டிலிருந்து அன்றைக்கே ஆள் அனுப்பியிருந்தார்கள், "பின்னாடி ஆசீர்வாதம் இருக்கிற கடிகாரம்" இன்னும் நாலு வேண்டும் என்று.

கடைக்காரர் போனதும் கூட்டம் போட்டார்கள். முதலாளி, அண்ணாச்சி, கிருஷ்ணன்கோவில் காலேஜில் என்ஜினியர் படிக்கிற முதலாளியின் அக்கா மகன், குற்றவாளி எஸ்தர், கூப்பிடாமலே நான்.

அக்கா மகன் சொன்னான்: "மாமா, பிளஸ்ங்கிறது எல்லா மதத்துக்கும் பொது. கரண்டு பிளஸ்ல இருந்து மைனஸுக்கு வரும். எலக்ட்ரான் மைனஸ்ல இருந்து பிளஸ்ஸுக்குப் போகும்."

அண்ணாச்சி கேட்டார்: "போறது ஒண்ணு, வாரது ஒண்ணா? அது என்ன, மதுரை பஸ்ஸா?"

"அண்ணாச்சி, நீங்க குறுக்க பேசாதிய. மாமா, பிளஸ்ஸை எடுத்துட்டு மைனஸை மட்டும் விடுவோம்."

"ஏலே, கழிக்கிற குறியை மட்டும் ஒட்டிக் கல்யாண வீட்டுக்கு அனுப்புனா, பொண்ணு வீட்டுக்காரன் வெளக்கமாத்தோட வருவாம்லே!" என்றார் முதலாளி.

"செவப்பை மாத்திப் பச்சையாக்குவோம்."

"பச்சைன்னா பள்ளிவாசல்ல இருந்து கேப்பாக."

"கட்டைக்கு ஒரு தலை, ரெண்டு காலு வரைஞ்சிருவோம்."

"ஆம்பளைத் தலையா, பொம்பளைத் தலையா?"

கடைசியில் எல்லாக் கூட்டத்திலும் நடப்பதுதான் நடந்தது. குறியை என்ன செய்வது என்று தெரியாவிட்டால், குறி போட்டவளை என்ன செய்யலாம் என்று பார்ப்பார்கள். முதலாளி எஸ்தரைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ வேதக்காரப் பிள்ளை. மனசுல வச்சுத்தான் போட்டியா?"

"நான் பிளஸ்தான் மொதலாளி போட்டேன்" என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்துகிற ஆள் இல்லை. "பொறவு காலை நீட்டச் சொன்னதும் நீட்டுனேன். நீட்டும்போது அப்படித்தான் தெரியுதுன்னு எனக்கும் பட்டுச்சு."

"யாரு நீட்டச் சொன்னது?"

அவள் அண்ணாச்சியைப் பார்த்தாள். அண்ணாச்சி தலைக்கு மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தார்.

"அண்ணாச்சிதான் சொன்னாவ, நான் பக்கத்துல நின்னேன்" என்று நான் கத்தினேன்.

"நீ அவ சேக்காளி. வேற என்னத்தச் சொல்லுவ?" என்று முதலாளி கையை வீசினார். பிறகு தீர்ப்புச் சொன்னார். எஸ்தர் நேரில் ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். சிலுவை போட்டது தப்பு என்று அந்தக் கடைக்காரரிடம் தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் சரி என்றால் வேலை உண்டு. இல்லை என்றால் கிடையாது.

எஸ்தர் வீட்டில் அவளும் அப்பாவும்தான். அப்பா ஸ்பின்னிங் மில்லில் இருந்து இருந்து, அந்தச் சத்தத்தில் காது சுத்தமாகப் போய் வீட்டோடு உட்கார்ந்தவர். அவளுடைய வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இது எனக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும்.

துணைக்கு நான் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே வந்தாள்.

"சொல்லிருட்டி. வெறும் வாய்தான. மனசுலயா சொல்லப் போற?" என்றேன்.

"மாரி, எதைத் தப்புன்னு சொல்ல? கோடு நீண்டது தப்பு. அதைச் சொல்லுதேன். ஆனா அவரு கேக்கது அது இல்லையே."

"வேலை போயிருமே."

"போயிரும்லா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

கடையில் கூட்டம். கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே, "வாங்கம்மா, சொல்லுங்க" என்றார். வந்திருந்தவர்கள் எல்லாரும் சரக்கை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

எஸ்தர் கும்பிட்டாள். "அய்யா, பிளஸ்ஸோட காலு நீண்டு போச்சு. கல்யாண வீட்டுல உங்களுக்குத் தலைகுனிவாப் போச்சு. அது எங்க தப்புதான். மன்னிச்சுக்கிடுங்க."

"சிலுவை போட்டது தப்புன்னு சொல்லு."

எஸ்தர் சுவரைப் பார்த்தாள். கடையில் மாட்டியிருந்த கடிகாரம் எல்லாம் ஒவ்வொன்று ஒவ்வொரு நேரத்தைக் காட்டிக்கொண்டு ஓடின. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது மட்டும் என்னால முடியாதுய்யா. கோடு தப்பு. சிலுவையைத் தப்புன்னு நான் எப்படிச் சொல்ல? வேலை போனாப் போகட்டும்."

எனக்குப் பதறிவிட்டது. எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டுமே என்று, "அய்யா, நீங்க தட்டுத மெஷின்லயும் அந்தக் குறிதான இருக்கு? நாள் பூராவும் அமுக்குதியளே" என்றேன்.

அவர் கால்குலேட்டரைப் பார்த்தார். "அது கணக்கு. இது கல்யாணம்" என்றார்.



கூட்டம் கலைகிற வரைக்கும் அவர் மறுபடி கணக்கைத் தட்டினார். பிறகு எஸ்தரை ஏற இறங்கப் பார்த்தார். கையை எடுத்துத் தன் நெற்றியைத் தடவப் போனவர், நாமம் கலைந்துவிடும் என்று பாதியில் நிறுத்தினார்.

"பிள்ளைகளா, காப்பி குடிச்சிட்டுப் போங்க. உங்க மொதலாளிட்ட, மன்னிப்புக் கேட்டாச்சுன்னு நானே போன்ல சொல்லிருதேன். என்ன சொல்லிக் கேட்டியன்னு அவன் கேக்கவா போறான்?"

முதலாளி கேட்கவில்லைதான். வேலை தப்பியது. பஸ்ஸில் திரும்பும்போது எஸ்தர் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே எட்டிப் பார்த்தார். எங்களுக்கு வினை அந்தப் போன் பேச்சில்தான் இருந்தது, அன்றைக்கு அது தெரியவில்லை. "மன்னிப்புக் கேட்டாச்சு" என்ற ஒரே சொல்தான் யூனிட்டுக்கு வந்து சேர்ந்தது. மன்னிப்புக் கேட்டாள் என்றால் தப்புச் செய்திருக்கிறாள், அப்படித்தானே? அவளைப் படம் போடுவதிலிருந்து எடுத்துப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். யாராவது ஏன் என்று கேட்டால் அண்ணாச்சி டீயை உறிஞ்சிக்கொண்டு, "அது பெரிய கதை" என்பார். எந்தக் கதை என்று சொல்ல மாட்டார். மற்றவர்கள் அவரவர் வசதிக்குச் சொல்லிக்கொண்டார்கள். சிலுவைக்காரி என்று பேர் வந்தது அப்படித்தான்.

ஸ்டிக்கர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த லோடில் வந்த மெஷின்களில், கட்டைக் குழியில் பிளஸ் தகட்டுக்கு ரெண்டு பக்கமும் சின்னதாக மேடு வைத்தே வந்தது. மூக்கு உள்ள பக்கம் அந்த மேட்டுக்கு நடுவே புகுந்து தகட்டைத் தொடும். தட்டைப் பக்கம் மேட்டிலேயே முட்டி நின்றுவிடும், தொடாது. தலைமாற்றிப் போட்டாலும் சேதம் கிடையாது. எந்தக் குறியும் வேண்டாம், எந்தச் சாமியும் கோபிக்காது. எங்கேயோ அச்சு வார்க்கிற ஒரு மோல்டுக்காரன் சத்தம் காட்டாமல் இதைச் செய்து அனுப்பியிருக்கிறான். இங்கே நாங்கள் ஒரு பிள்ளையைப் பலி கொடுக்கக் கூட்டம் போட்டோம். பேச்சு தலைமாறிப் போகாமலிருக்க அப்படி ஒரு மேடு வைக்கிற மோல்டுக்காரன் மட்டும் இன்னும் பிறக்கவில்லை.

பேக்கிங்கில் இருக்கும்போதே எஸ்தருக்கு மஞ்சக்காமாலை வந்தது. கீழாநெல்லி, பத்தியம், பெரியாஸ்பத்திரி எல்லாம் பார்த்தோம். அதை விவரமாகச் சொல்ல என்னால் முடியாது. போய்விட்டாள்.

கல்லறைத் தோட்டத்துக்கு யூனிட்டிலிருந்து போனது நானும் அண்ணாச்சியும்தான். அண்ணாச்சி வேஷ்டியை இறக்கிவிட்டு ஓரமாக நின்றார். பாதிரியார் ஜெபம் முடித்து, ஒவ்வொருவராக மண் போடச் சொன்னார். அண்ணாச்சி முறை வந்தது. மண்ணை அள்ளினார். போடவில்லை. பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி உடைந்து சொன்னார்:

"காலை நீட்டச் சொன்னது நான்தாம்மா!"

சாவு வீட்டில் காலை நீட்டுவது என்றால் என்ன அர்த்தம்? எஸ்தரின் தாய்மாமன் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"சாகச் சொன்னியாலே என் மருமகளை? யாருலே நீ?"

"ஐயோ, அந்தக் காலு இல்ல அய்யா! பிளஸ்ஸோட காலு!"

"பிளஸ்ஸா? குடிச்சிட்டு வந்திருக்கானா?"

நான் குறுக்கே விழுந்து கையை விலக்கினேன். வேறு வழியில்லாமல், புதிய மண்ணுக்குப் பக்கத்தில் அண்ணாச்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மண் இல்லாத கையால் ஒரு குச்சியை எடுத்து முதலில் ஒரு குட்டைப் பிளஸ் போட்டார். "இது அவ போட்டது." பக்கத்தில் இன்னொன்று, கால் நீளமாக. "இது நான் போடச் சொன்னது. எடம் நெறையட்டும்னு சொன்னேன். பொறவு கேட்டாக, வாய் தெறக்கல. பழி இவ மேல விழுந்துச்சு."

மாமன் ரெண்டாவதை உற்றுப் பார்த்தார். "இது சிலுவைல்லா?"

"ஆமா அய்யா. சிலுவையைப் போட்டது நான்தான். அவ இல்ல. சத்தியமா நான்தான்!"

பாதிரியார் அவர் தோளில் கை வைத்து, "நல்ல காரியம்தானே செய்திருக்கிறீர்கள், ஏன் அழுகிறீர்கள்?" என்றார்.

அழுதுகொண்டிருந்த நானே சிரித்துவிட்டேன். இது எஸ்தர் இருந்து பார்க்க வேண்டிய காட்சி.

எஸ்தரின் அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்ன, என்ன என்று எல்லார் வாயையும் பார்த்தார். மாமன் அவர் காதில் வாயை வைத்துக் கத்தினார்: "அத்தான்! கடியாரத்துல எஸ்தரு தப்புச் செய்யலையாம்! இவருதான் செஞ்சாராம்!"

அப்பா அண்ணாச்சி பக்கம் திரும்பினார். காது கேட்காதவர்கள் பேசுகிற பெரிய குரலில், "எம்பிள்ளை செய்யலேன்னு எனக்குத் தெரியும். உமக்கும் தெரியும். இவ காது கேக்கச் சொல்லியிருக்கலாம்லா?" என்று குழியைக் காட்டினார்.

அண்ணாச்சி கையிலிருந்த மண்ணைப் போட்டார்.

மறுநாள் யூனிட்டில் அவர் வழக்கம்போல டீ குடித்தார். இங்கே யாரிடமும் எதையும் சொல்லவில்லை. கல்லறையில் வாய் திறப்பது ஒரு தைரியம், வேலை செய்கிற இடத்தில் திறப்பது வேறு தைரியம் போலிருக்கிறது. அவரைத் திட்ட இதைச் சொல்லவில்லை. உங்களுக்கும் ஒருநாள் அப்படி ஒரு கூட்டம் வரும், அப்போது காற்றாடியைப் பார்க்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிள்ளைகளே, அவள் பேர் எஸ்தர். இனிமேல் அந்தப் பேரைச் சொல்லியே கூப்பிடுங்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலில், சர்ச்சுக்குப் போகிறவர்கள் சர்ச்சில், எங்கேயும் போகாதவர்கள் சாப்பிட உட்காரும் முன்னால் ஒரு நிமிஷம், எங்கள் எஸ்தர் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள். அவள் அப்பாவுக்கும் சேர்த்து.